சபை தந்த குப்பாயம், பெண்கள் எடுத்த தோள்சீலை

1814 மே மாதத்தில் திருவிதாங்கூர் அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. கிறிஸ்து மார்க்கத்தில் சேர்ந்த நாடார் பெண்கள் இனி மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் போடுகிற குப்பாயம் என்ற சட்டையால்தான் மூட வேண்டும். நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ இதே போக்கில் ஓர் ஆணை வெளியிட்டிருந்தார். அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் நடந்ததைத்தான் தோள்சீலைக் கலகம் என்ற பெயரில் குமரி மாவட்டம் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. அதைச் சொல்வதில் இரண்டு தரப்பு உண்டு. சபை வரலாறுகளின்படி, மிஷனரிகள் வந்தார்கள், திறந்த மார்போடு நின்ற பெண்களைக் கண்டு மனம் வருந்தினார்கள், சட்டை தைத்துக் கொடுத்தார்கள். எதிர்த்தரப்போ, வெட்கம் அறியாமல் இயல்பாக வாழ்ந்த மக்களின் மேல் வெள்ளைக்காரர்கள் தங்கள் விக்டோரியா காலத்து ஒழுக்கத்தைச் சுமத்தினார்கள் என்கிறது. (விக்டோரியா அரியணை ஏறியதே 1837இல்தான், சண்டை அதற்கு வெகு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது.) ஒருவர் வாழ்த்துகிறார், ஒருவர் வைகிறார். இரண்டு கதையிலும் உடுத்திவிடுவது மிஷனரிதான். அந்தப் பெண்கள் வாய் பேசாமல் நிற்கிறார்கள். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சபை வகுத்த உடை, நடத்தை விதிகளில் எது ஊன்றியது, எது ஊன்றவில்லை என்பதைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்தவர்களே. தங்கள் மதிப்பை உயர்த்திய விதியை, சபை கேட்டதற்கு மேலேயே கைக்கொண்டார்கள். மதிப்பைக் குறைத்ததை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், அல்லது சபையை விட்டே வெளியேறினார்கள்.

முதலில் திருவிதாங்கூரில் உடை எதைக் குறித்தது என்று பார்க்க வேண்டும். அங்கே மேலுடம்பை மூடுவதும் திறப்பதும் படிநிலையைச் சொல்லும் அடையாளங்கள். கீழ்ப்படியில் இருப்பவர் மேற்படியில் இருப்பவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதுதான் வணக்கம். நாயர் பெண்ணும் கோயில் சன்னிதியிலும் தனக்கு மேலானவர் முன்னாலும் தோள்சீலையை எடுத்துவிட வேண்டும். ஆகவே மார்பு தெரிவது வெட்கக்கேடு என்று யாரும் கருதாத ஊர் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. யார் முன்னால் யார் திறந்து நிற்க வேண்டும் என்பதில் அந்த ஊர் மிகவும் கறாராக இருந்தது. நாடார்கள் நம்பூதிரியிடமிருந்து 36 எட்டு, நாயரிடமிருந்து 12 எட்டு தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கூட நடக்கக் கூடாது. இவற்றோடு தலைவரி, பனைவரி, கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய ஊழியம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட திருநெல்வேலிச் சீமையில், இதே சமூகத்துப் பெண்களுக்கு மார்பை மூடக் கூடாது என்ற அரசாணை எதுவும் கிடையாது. கொண்டு கொடுத்த உறவு மலைக்கு இருபுறமும் இருந்தது. மூடிக்கொண்டு நடக்கலாம் என்பதை இந்தப் பெண்கள் தெரிந்துகொள்ள ஐரோப்பாவிலிருந்து யாரும் வந்திருக்கத் தேவையில்லை.

தென் திருவிதாங்கூரில் வேலை செய்தது லண்டன் மிஷன். ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806இல் அங்கே வந்தார். அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். மயிலாடியில் 1809இல் கிறிஸ்தவக் கோயில் எழுந்தது. ரிங்கல்தௌபே சென்ற பிறகு சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் ஆகியோர் நாகர்கோவிலை மையமாக்கிச் சபைகளை வளர்த்தார்கள். ஒருவர் சபையில் சேர்வது ஒரே நாளில் முடிகிற காரியமாக இருக்கவில்லை. முதலில் வீட்டு முற்றத்து மாடன், இசக்கி பீடத்தை இடிக்க வேண்டும். பேயாட்டத்துக்குக் காணிக்கை கொடுக்கக் கூடாது. கள்ளும் சாராயமும் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பனை ஏறக் கூடாது. இரண்டாம் தாரம் கூடாது. உபதேசியார் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்வார். வேத பாடமும் பத்துக் கட்டளையும் மனப்பாடமாகி, நடத்தையும் சரியென்று கண்ட பிறகே ஞானஸ்நானம். அதன் பின்னும் காத்திருந்துதான் திருவிருந்து. தவறினால் திருவிருந்திலிருந்து விலக்கு. அரசனின் தண்டனையைவிட இந்த விலக்கு லேசானதுதான். ஆனால் ஊர்க்கட்டை விட்டு வந்துவிட்டவனுக்குச் சபைதான் ஊர், ஆகவே அது உறைத்தது. வந்தவர்களில் பலர் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கவே வருகிறார்கள் என்று ரிங்கல்தௌபே சலித்துக்கொண்டது உண்டு. அவர் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஊழியத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் விலக்குக் கிடைத்திருந்தது.

பெண்களுக்கான பாடம் மிஷனரிகளின் மனைவியர் கையில் இருந்தது. மார்த்தா மால்ட்டும் ஜொகன்னா மீடும் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1820களின் தொடக்கத்தில் அங்கே லேஸ் பின்னல் வந்தது. பின்னிய லேஸ் ஐரோப்பியர் வீடுகளுக்கு விலையாகப் போனது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத் தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸ் பின்னலும் கூடவே போனது. பெண்களுக்கென்று தளர்வான, அரைக்கைச் சட்டை ஒன்றைத் தைத்துக் காட்டியவர்களும் இந்த மிஷன் வீட்டு அம்மாமார்கள்தான். ஆகச் சபையின் தரம் என்ன என்பதில் ஐயம் இல்லை: உடம்பை மூடும் எளிய சட்டை. அதற்குமேல் சபை கேட்கவில்லை. அரசும் அதற்குமேல் தரவில்லை. மிஷனரிக்கு வேண்டியது அடக்கம், அது கிடைத்துவிட்டது. அரசுக்கு வேண்டியது நாயர் பெண்ணுக்கும் நாடார் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரிவது, அதுவும் காப்பாற்றப்பட்டது. இரண்டு பெரிய இடங்களும் கைகுலுக்கி முடித்த பேரம்தான் அந்தக் குப்பாயம்.

பேரத்தில் கலந்துகொள்ளாத மூன்றாவது தரப்பு அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவப் பெண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் தோள்சீலையையும் போடத் தொடங்கினார்கள். 1822இல் கல்குளம் பகுதியில் சந்தைக்கும் வழிக்கும் வந்த பெண்களை மேற்சாதியார் அடித்து, சீலையைக் கிழித்தார்கள். மீட், ரெசிடெண்டிடம் முறையிட்டார். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதோடு ஓயவில்லை. 1827 முதல் 1829 வரை மறுபடியும் அடிதடி. ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரசு விளம்பரம், தோள்சீலை நாடார் பெண்களுக்கு உரியதல்ல, குப்பாயம் மட்டும் உண்டு, ஊழியமும் செய்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிற்று. உடையும் ஊழியமும் ஒரே விளம்பரத்தில் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். சண்டை எதைப் பற்றியது என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெறும் அடக்கம்தான் பிரச்சினை என்றால் 1814லேயே எல்லாம் தீர்ந்திருக்கும். மார்பை மூடும் உரிமையைப் பெற்றுவிட்ட பிறகும், மூடும் துணி எது என்பதற்காகச் சந்தையில் அடிவாங்கத் துணிந்தார்கள் என்றால், அவர்கள் சபையின் பாடத்தை ஒப்பிக்கவில்லை; தங்கள் வழக்கைத் தாங்களே நடத்தினார்கள்.

கடைசிக் கட்டம் 1858இல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்திருந்தது. மேற்சாதியாரின் எரிச்சல் ஆறவில்லை. 1858 நவம்பரில் மதக் காரியங்களில் தலையிட மாட்டோம் என்று விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்ததும், பழைய வழக்கத்தை இனிக் கையாலேயே நிலைநாட்டலாம் என்று சிலர் பொருள் கொண்டார்கள். சந்தைகளில் மறுபடி சீலை கிழிந்தது, வீடுகளும் கோயில்களும் எரிந்தன. திவான் மாதவராவ் டிசம்பர் 27ஆம் நாள் வெளியிட்ட விளம்பரம் இரு தரப்பையும் கண்டித்தாலும், பழைய வழக்கத்தை அனுமதியின்றி மீறக் கூடாது என்ற பக்கமே சாய்ந்தது. மிஷனரிகள் சென்னைக்கு எழுதினார்கள். ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் ரெசிடெண்ட் கல்லனைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளியானது: கிறிஸ்தவப் பெண்களைப் போலவே மற்ற நாடார் பெண்களும் சட்டை போடலாம், எந்த மதத்தவரானாலும் முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்விதமாகவும் மார்பை மூடலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. முழு உரிமை கொடுத்ததாகப் பெயர். வித்தியாசத்தை விடவில்லை என்ற மனநிறைவு அரசுக்கு. அந்தக் கடைசி விலக்கை நடைமுறையில் யாரும் மதிக்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. மிஷனரிகள் கடிதங்களில் நிறைந்து கிடப்பது நிர்வாணம், அநாகரிகம், அடக்கம் என்கிற பேச்சுதானே, அதை எப்படித் தள்ளுவது என்று கேட்கலாம். தள்ள வேண்டியதில்லை. மிஷனரிகள் அப்படித்தான் நினைத்தார்கள், அப்படியே போதித்தார்கள், இங்கிலாந்தில் நிதி திரட்ட அப்படித்தான் எழுதவும் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு விதியைப் போதித்தவர் எதற்காகப் போதித்தார் என்பதும், கேட்டவர் எதற்காக எடுத்துக்கொண்டார் என்பதும் வேறு வேறு கேள்விகள். இந்தப் பெண்கள் உடையில் பின்பற்றியது மிஷனரி அம்மாளை அன்று. பக்கத்து நாயர் வீட்டுப் பெண்ணை. சபை அங்கீகரித்த சட்டைக்கு மேல் சபை கேட்காத சீலையை அவர்கள் போட்டதற்கு வேறு விளக்கம் இல்லை. எலைசா கென்ட் 2004இல் எழுதிய நூலில், மதம் மாறிய தென்னிந்தியப் பெண்களின் மதிப்புணர்வு ஐரோப்பிய இல்லற ஒழுக்கமும் உள்ளூர் உயர்சாதி வழக்கமும் கலந்து உருவானது என்று காட்டுகிறார். தோள்சீலையைப் பொறுத்தவரை அந்தக் கலவையில் உள்ளூர்ப் பங்கே தூக்கல் என்பது என் கணிப்பு.

இரண்டாவது மறுப்பு சபைக்காரர்களிடமிருந்து வரும். எல்லாவற்றையும் மதிப்பு, படிநிலை என்று பேசினால் விசுவாசம் எங்கே போயிற்று என்பார்கள். விசுவாசத்தை அளக்கும் கோல் வரலாற்றுக் கட்டுரையில் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். மனிதனெல்லாம் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று வாரந்தோறும் கேட்கிற ஒரு பெண், அதை நம்பினால், நாயர் வருகிறார் என்று மார்பைத் திறந்து நிற்க மறுப்பது அந்த நம்பிக்கையின் செயல்தான். விசுவாசமும் மானமும் இங்கே எதிரெதிர் அல்ல. சிக்கல், அவை எதிரெதிராக நின்ற இடங்களில்தான். அங்கே போய்ப் பார்த்தால்தான் என் வாதம் நிற்கிறதா என்று தெரியும்.

அப்படிப்பட்ட இடம் தஞ்சாவூர். அங்கே லுத்தரன் சபையில் வேளாளர் நிறைய இருந்தார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் இறங்கிய காலம் தொட்டே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவது பழகிப்போயிருந்தது. 1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து கொள்ள வேண்டும், கல்யாணத்திலும் சாவிலும் பூ வேண்டாம், கோயிலில் தமிழ்க் கீர்த்தனையும் மேளமும் வேண்டாம் என்று அடுக்கினார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். பைபிள் மொழிபெயர்ப்பைத் திருத்தியதையும் சேர்த்து, இவற்றைக் கொடுமைகள் என்றே பட்டியலிட்டு எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவ இசையின் தந்தை போன்றவர், விசுவாசத்தில் யாருக்கும் குறையாதவர். சாதி பற்றி அவர் எழுதியதை இன்று படிக்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் அவர் ஒரு பட்டியலில் பூவையும் பாட்டையும் சாதியையும் ஒன்றாகக் கட்டியதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கு அவை எல்லாமே தம் மக்களின் கௌரவம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அது வாசிக்கப்பட்டதும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரே மார்க்கம், ஏறக்குறைய ஒரே காலம். குமரியில் மார்க்கத்தின் விதி போதாது என்று அடிவாங்கினார்கள். தஞ்சையில் மார்க்கத்தின் விதி அதிகம் என்று கோயிலை விட்டுப் போனார்கள். இரு இடத்திலும் காவல் காத்தது மதிப்பைத்தான். கீழிருந்தவர்களின் மதிப்புப் போராட்டம் நியாயத்தின் பக்கம் இருந்தது, மேலிருந்தவர்களுடையது அநியாயத்தின் பக்கம். அந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதே பாடத்தை முன்னரே படித்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவனாவதென்றால் பறங்கியாவது, அதாவது மாட்டிறைச்சி தின்று குடித்து அவர்களைப் போல உடுப்பது என்று உள்ளூரார் நம்பியதைக் கண்டார். தாமே காவி கட்டி, சந்தனம் பூசி, மரக்கட்டை மிதியடி அணிந்து, தம்மிடம் சேர்ந்தவர்கள் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக அனுமதி தந்தார். 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் அதைப் பெருமளவு திருப்பிப் போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது, பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது, பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் குருவானவர் அங்கே போய்த்தான் தேவதிரவிய அனுமானம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டார். வழக்கு நாற்பது ஆண்டு நடந்து 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையோடு முடிந்தது. முடிவை இன்று நம் கண்ணாலேயே காணலாம். தாலி போகவில்லை, பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவை வந்தது. பூப்புச் சடங்கு போகவில்லை. பத்திரிகை அடித்து நடக்கிறது. பறையர் வீட்டுக்குக் குரு போகும் கட்டளைக்கோ, அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மாற்றாக வந்தது. சபை எதைக் கேட்டது என்பதைவிட, மக்கள் எதை விடத் தயாராயிருந்தார்கள் என்பதே மிஞ்சியது.

சாதி விஷயத்தில் சபையின் சொந்த நடத்தையும் சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதி விடாதவருக்கு ஞானஸ்நானமே கிடையாது என்று தீர்மானம் போட்டது. விட்டதற்குச் சான்று, எல்லாருமாக உட்கார்ந்து உண்ணும் அன்பின் விருந்து. அதை அடுத்த ஓரிரு ஆண்டுகளில், தோள்சீலைப் போராட்டத்தில் முன்னின்ற அதே சார்லஸ் மீட், உள்ளூர் உபதேசியார் ஒருவரின் மகளை, சாம்பவர் சமூகத்தவரை, மணந்துகொண்டார். லண்டன் மிஷனோடு அவருக்கிருந்த உறவு முறிந்தது. பின்னர் அவர் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். விருந்தில் ஒன்றாக உண்ணச் சொன்னவர்கள், பெண் கொடுத்து எடுத்ததும் முகம் சுளித்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேளாளரும் நாடாரும் எதைக் கற்றிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மெதுவாக ஊன்றிய விதிகளும் உண்டு. காது வளர்ப்பது அவற்றில் ஒன்று. திருநெல்வேலியிலும் தென் திருவிதாங்கூரிலும் பெண் குழந்தையின் காதைத் துளைத்து, கனம் ஏற்றி, தோளைத் தொடுமளவு வளர்த்துப் பாம்படமோ தண்டட்டியோ போடுவது செல்வத்தின் அடையாளம். மிஷனரிகள் இதைக் கண்டித்துக்கொண்டே இருந்தார்கள். சபைப் பெண்கள் வளர்த்துக்கொண்டே இருந்தார்கள். பொன்னைப் போட முடிந்ததே இப்போதுதான், அதைக் கழற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? மாற்றம் வந்தது பிரசங்கத்தால் அல்ல, பள்ளிக்கூடத்தால். விடுதியில் படித்த பெண்ணுக்கு ஆசிரியை வேலை, நர்சு வேலை கிடைத்தது. உபதேசியாரும் குருவானவரும் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். படிப்பு பொன்னைவிடப் பெரிய மதிப்பானதும் நீண்ட காது பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்கள் இருபதாம் நூற்றாண்டில் நிறையப் பேர், கிறிஸ்தவர் அல்லாதவரும் அவர்களில் உண்டு. குடுமியும் இப்படித்தான். 1867இல் அதைப் புறமார்க்க அடையாளம் என்று சில மிஷனரிகள் வெட்டச் சொன்னபோது, கால்டுவெல் அது வெறும் உலக வழக்கம், மதத்தோடு சம்பந்தமில்லை என்று சிறு நூல் எழுதி வாதாடினார். யாருடைய வாதத்துக்கும் காத்திராமல், உத்தியோகத்துக்குப் போன தலைமுறை கிராப்பு வெட்டிக்கொண்டது.

சபையின் பங்கே இல்லாத இடத்தில் இதே உடைப் புரட்சி நடந்திருந்தால் என் வாதம் இன்னும் உறுதிப்படும், நடந்தது. அதே தென் திருவிதாங்கூரில், சாமித்தோப்பில், 1809இல் பிறந்த அய்யா வைகுண்டர் மிஷனரிகளை ஏற்காமலே, தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். துவையல்பந்தி என்ற பெயரில் குடும்பங்களைக் கூட்டிவைத்து, துவைத்துக் குளித்து, மரக்கறி உண்டு ஒழுக்கம் பழகச் செய்தார். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடையும் நடத்தையும் கற்றுக்கொடுக்கும் முறையில் அதற்கும் மிஷன் விடுதிக்கும் தூரம் அதிகமில்லை. 1858இல் தோள்சீலை போட்டு அடிபட்டவர்களில் இந்து நாடார் பெண்களும் இருந்தார்கள். 1859 பிரகடனம் அவர்களையும் சேர்த்துச் சொன்னது அதனால்தான். இன்னும் வடக்கே, கொல்லத்தில் 1915இல் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் புலையப் பெண்கள் தங்கள் இழிவின் அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். அங்கே எந்தப் பாதிரியாரும் சட்டை தைத்துக் கொடுக்கவில்லை.

எனக்கே பதில் சொல்லக் கடினமான எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. 1920களில் ராமன்குட்டி பால் என்பவர் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், சேர்ந்தவர்களிடம் நகையையெல்லாம் கழற்றச் சொன்னது. ஊழியர்களுக்கு வெள்ளை உடை, மணவாழ்வு கிடையாது, மருந்து கிடையாது. விசுவாசிப் பெண்களுக்குப் பொன் கிடையாது, பலருக்குத் தாலியும் கிடையாது. மதிப்பைக் குறைக்கும் விதி ஊன்றாது என்றால் இது எப்படி ஊன்றியது? தமிழ்நாடெங்கும் பரவி இன்றும் நிற்கிறதே? யோசித்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தென்படுகிறது. இங்கே சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பழைய சபையில் பணமும் குடும்பப் பெருமையும் முன்வரிசையில் உட்காருவதைப் பார்த்துப் புழுங்கியவர்கள். எல்லாரும் வெறுங்கழுத்தோடு தரையில் உட்காரும் சபையில், முப்பது பவுன் போட முடிந்தவளும் போட முடியாதவளும் ஒன்று. நகை இல்லாதவளுக்கு அது இழப்பே அல்ல. அவளுடைய வறுமையைப் பரிசுத்தம் என்று மாற்றிக் கொடுத்த ஏற்பாடு. நகையைக் கழற்றிய பணக்காரிக்கும், ஊருக்குள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தவள் என்ற தனி மதிப்பு. ஆனாலும் இதை முழுக்க மதிப்புக் கணக்கால் விளக்கிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தாலியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிற பெண் கேட்கிற பேச்சு கொஞ்சமல்ல. வெறும் கணக்குப் பார்ப்பவள் அதைத் தாங்க மாட்டாள். என் வாதத்துக்கு இது ஒரு வரம்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வரம்பு இருந்தாலும் பொதுப்போக்கு மாறவில்லை, அது மாறாததால்தான் ஒரு வேண்டுகோளும் பிறக்கிறது. தோள்சீலை வரலாற்றுக்கு நாம் நம்பியிருப்பதெல்லாம் மிஷனரி கடிதங்கள், ரெசிடெண்டின் குறிப்புகள், அரசு விளம்பரங்கள், பின்னாளில் சாமுவேல் மட்டீர் எழுதியவை போன்ற மிஷன் நூல்கள், அவற்றை வைத்து ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968இல் எழுதியது போன்ற ஆய்வுகள். லண்டன் மிஷனின் கடிதக்கட்டுகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன. சேர்ந்தவர்கள் எந்த விதியை மீறினார்கள், எதற்காகத் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டார்கள், எத்தனை மாதத்தில் திரும்பினார்கள் என்பது போன்ற செய்திகளுக்கு நாம் போக வேண்டிய இடம் உள்ளூர்ச் சபைகளின் பதிவேடுகளும் மூப்பர் கூட்டத் தீர்மானப் புத்தகங்களும்தான். கரையான் அவற்றுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பதில்லை. குமரியிலும் நெல்லையிலும் இருநூறாம் ஆண்டு விழா எடுக்கிற சபைகள், விழா மலர் அச்சிடும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பழைய ஏடுகளைப் படமெடுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும்.